இணைந்த விஞ்ஞானமும் இணையாத கைவினையும்

கொழும்பு மாநகரின் தென்கிழக்கு விளிம்பிலே அமைந்த கிருலப்பனையூடாக இரு வழிகள் செல்கின்றன. ஒன்று நிலவழி, மற்றையது நீர்வழி. நிலவழியாகிய ஹைலெவல் வீதி நுகேகொடையைக் கடந்து மகரகமவை அடைகின்றது. இலங்கைப் பாடசாலைகளுக்குரிய பாடவிதானங்களை ஆக்கும் தேசிய கல்வி நிறுவகம் அமைந்திருப்பது அங்கேதான். நீர்வழியாகிய கிருலப்பனைக் கால்வாய், வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் கடலை நோக்கித் திறக்கும் வாய்க்கால்களோடு சென்று கூடுகின்றது. வீதியின் வழியே பாடம் வருகின்றது. கால்வாயின் வழியே மழைநீரும் நகரத்தின் கழிவும் வருகின்றன. கால்வாய்க் கரையில் வாழும் மாணவனொருவனுக்கு இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாதனவாகவே பெரும்பாலும் இருந்து வந்துள்ளன.

அக்கால்வாயை ஒரு பாடமாகக் கொண்டால் என்ன நிகழும்? பத்து மீற்றர் அகலமும் ஒன்றரை மீற்றர் ஆழமும் உடைய ஒரு வாய்க்காலில் நீர் செக்கனுக்கு இருபது சதமமீற்றர் வேகத்திற் செல்லுமாயின், செக்கனுக்கு மூன்று கனமீற்றர் நீர் வெளியேறும் என்பது கணிதம். வேகத்தை அளப்பதற்கு ஒரு தக்கையும் ஒரு கடிகாரமும் ஓர் அளவுநாடாவும் போதும். கடல்வாயிலை அண்மித்த இடத்தில் உப்புநீர் எவ்வாறு நன்னீரின் அடியிற் புகுகின்றது என்பது பௌதிகம். நீரை மூடிப் படரும் சல்வீனியாவின் கதையோ தாவரவியல். அது ஒரு வேடிக்கையான கதையுங்கூட. 1939ஆம் ஆண்டளவில் கொழும்பிலே தாவரவியல் கற்பித்தலுக்கெனக் கொண்டுவரப்பட்ட அச்செடி, கற்பிக்கப்பட்ட இடத்தை விட்டு நாடெங்கும் பரவி, வயல்களுக்கும் வாய்க்கால்களுக்கும் கேடாயிற்று. 1992ஆம் ஆண்டு ஜூன் மாதத்துப் பெருமழையிற் கொழும்பு நகரம் நீரில் அமிழ்ந்தமைக்குக் காரணம் தேடுமிடத்து, வாய்க்காலின் குறுக்குவெட்டு, சாய்வு, தூர்வை, சதுப்பு நிலங்களின் நிரப்பல் என்பன யாவும் பொறியியலின்பாற் படும். கால்வாய் ஒன்று, பாடவேளை அட்டவணையிலோ அது நான்கு இடங்களிற் சிதறிக் கிடக்கின்றது. அவற்றுள் நான்காவதான பொறியியலுக்கு அட்டவணையில் இடமேயில்லை.

விஞ்ஞானம், தொழினுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கையும் இணைத்துக் கற்பித்தல் என்னும் கருத்து, 2000களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவிலிருந்து 'ஸ்டெம்' என்னும் பெயருடன் பரவியது. பெயர் புதியது, முயற்சி புதியதன்று. இலங்கையில் அம்முயற்சி அரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தில், நாடு தழுவிய அளவில் மேற்கொள்ளப்பட்டது. அதன் ஒரு பாதி நிலைத்தது. மறுபாதி ஐந்தாண்டுகளில் அழிந்தது. எந்தப் பாதி ஏன் அழிந்தது என்பதை ஆராய்தல் இன்று பயனுடையதாகும்.

அறிவின் பல துறைகளை ஒரு காரியத்திற் கூட்டிப் பயிற்றும் வழக்கம் ஈழத் தமிழர்க்கு அந்நியமானதன்று. 1823ஆம் ஆண்டு அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியிலே கணிதமும் வானியலும் இயற்கை மெய்யியலும் தமிழிலக்கியத்தோடு ஒருங்கே கற்பிக்கப்பட்டன. 1829ஆம் ஆண்டு மார்ச் மாதத்துச் சந்திர கிரகணத்தையொட்டி, யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியாருக்கும் செமினரி அதிபர் டானியல் பூவருக்கும் எழுந்த கணிப்பு வேறுபாடு யாழ்ப்பாணக் கல்வி வரலாற்றிற் பிரசித்தமானது. கிரகணம் தொடங்கும் நேரம், மறைப்பின் அளவு, அது நீடிக்கும் காலம் ஆகியவற்றில் இருவர் கணிப்பும் மாறுபட்டன. கிரகண நாளிற் பூவரின் கணிப்பே பொருந்தியது. மிசனரிமார் இதனை மேலைத்தேய அறிவின் வெற்றியாகப் பறைசாற்றினர். ஆனால் நடுநிலையாக நோக்குவோர்க்குப் புலப்படுவது வேறொன்று. தொலைநோக்கி ஏதுமின்றிக் கைவழிவந்த வாய்பாடுகளைக் கொண்டே கிரகணத்தின் நாளைப் பிழையறச் சொல்லக்கூடிய கணித மரபொன்று அன்று அங்கிருந்தது. அம்மரபை அவதானத்தோடும் கருவியோடும் பொருத்திப் பார்க்கும் வாய்ப்பே குறைவாயிருந்தது. கணக்கும் கண்ணும் கருவியும் ஓரிரவிலே சந்தித்தமைதான் அந்நிகழ்ச்சியின் சிறப்பு. செமினரி 1855இல் மூடப்பட்டது. அதன்பின் பல்கிய ஆங்கிலக் கல்லூரிகள் உத்தியோகத்துக்குரிய பரீட்சைகளையே இலக்காகக் கொண்டன.

1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் விஞ்ஞானக் கல்வி இலவசமாகப் பரவிவிடவில்லை. ஆய்வுகூடமும் ஆங்கிலமும் உள்ள இடத்திலேயே விஞ்ஞானம் தங்கியது. கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களின் பெரிய கல்லூரிகள் அவ்வாய்ப்பைப் பெற்றிருந்தன. கிறித்தவ மிசன்களும் அவற்றோடு போட்டியிட்டு எழுந்த சைவப் பாடசாலைகளும் நெருங்கி அமைந்தமையால் யாழ்ப்பாணக் குடாநாடு தன் குடித்தொகைக்கு விஞ்சிய விஞ்ஞான வசதிகளைப் பெற்றது. 1960களின் இறுதியிற் பல்கலைக்கழகத்தின் பொறியியல், மருத்துவ பீடங்களில் ஏறக்குறையப் பாதி இடங்களைத் தமிழ் மாணவர் பெற்றமைக்கு இதுவே அடிப்படை. ஆனால் அதே தமிழரிடையே வன்னியின் கிராமப் பாடசாலையோ, மட்டக்களப்பின் படுவான்கரைப் பாடசாலையோ, மலையகத் தோட்டப் பாடசாலையோ ஒரு பரிசோதனைக் குழாயையும் கண்டதில்லை. 'தமிழரின் விஞ்ஞானக் கல்வி' என்று பொதுவாகப் பேசுவோர் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றனர்.

சுயமொழிக் கல்வி மேல்வகுப்புகளை எட்டியபோது மொழித்தடை நீங்கத் தொடங்கியது. அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் தமிழில் விஞ்ஞானம் கற்பிப்பதற்கு வழிசெய்தன. காபனீரொட்சைட்டு, மேலுதைப்பு, பிரசாரணம் முதலிய சொற்கள் வகுப்பறையின் வழக்காயின. ஆய்வுகூடத் தடை மட்டும் நீங்கவில்லை.

இக்காலத்தில் உலகின் கல்விச் சிந்தனையிலும் ஒரு திருப்பம் ஏற்பட்டது. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணிற் செலுத்தியதன் பின் மேலைநாடுகளில் விரைவுபெற்ற பாடவிதானச் சீர்திருத்தங்கள் பௌதிகம், இரசாயனவியல், உயிரியல் என்பவற்றைத் தனித்தனியே ஆழப்படுத்தின. அவை வருங்கால விஞ்ஞானிக்குப் பொருந்தின. பதினான்கு வயதிற் பாடசாலையை விட்டு விலகும் பிள்ளைக்குப் பொருந்தவில்லை. எனவே 1968ஆம் ஆண்டு பல்கேரியாவின் துருஷ்பா நகரிற் கூடிய மாநாடு விஞ்ஞானக் கற்பித்தலின் ஒருங்கிணைப்பைப் பொருளாகக் கொண்டது. 1969இல் ஸ்கொத்லாந்து ஒருங்கிணைந்த விஞ்ஞானத்துக்கான திட்டத்தை வெளியிட்டது. 1971 முதல் யுனெஸ்கோ நிறுவனம் இத்துறைபற்றிய தொகுப்புகளை வெளியிடலாயிற்று.

எனினும் இலங்கையின் சீர்திருத்தத்தைத் தூண்டியது துருஷ்பாவில் நிகழ்ந்த விவாதம் மாத்திரமன்று. 1971 ஏப்ரலில் தென்னிலங்கையிற் படித்த இளைஞர் ஆயுதமேந்தினர். அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் என்பாரின் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு, கல்வி வளர்த்துவிட்ட எதிர்பார்ப்புகளுக்கும் நாட்டிற் கிடைக்கக்கூடிய தொழில்களுக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையைச் சுட்டிக்காட்டியது. அன்று கல்வி அமைச்சராயிருந்தவர் பதியுதீன் மஹ்மூத். அவருடைய காலத்தில் 1972 ஜனவரியில் ஆறாந் தரத்திலே புதிய பாடவிதானம் தொடக்கப்பெற்று, ஆண்டுக்கொரு தரமாக மேலேறி, 1975 டிசம்பரிற் தேசியப் பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சையாக முடிவுற்றது.

அச்சீர்திருத்தத்தின் துணிவு வியப்புக்குரியது. ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடவிதானம். விஞ்ஞானம் எல்லார்க்கும் கட்டாயம். கணிதமும் எல்லார்க்கும் கட்டாயம். எண்கணிதம், அட்சரகணிதம், கேத்திரகணிதம் எனப் பிரிந்து கிடந்தவை கணிதம் என்னும் ஒரே பாடமாயின; தொடைகள் பற்றிய புதிய பகுதியும் சேர்ந்தது. பெண் பாடசாலைகளுட் பல மனையியலோடு நிறுத்தியிருந்த இடத்திலே விஞ்ஞானமும் கணிதமும் புகுந்தன. எட்டாம் வகுப்பின் முடிவிலே கலை, விஞ்ஞானம் எனப் பிள்ளைகளைத் தரம்பிரித்து வந்த வழக்கம் நின்றது. ஆய்வுகூடம் இல்லாத பாடசாலை விஞ்ஞானத்திற்கு அருகதையற்றது என்னும் பழைய விதி ஒரே நாளில் தள்ளப்பட்டது. வெறும் போத்தல், மெழுகுவர்த்தி, தகரப்பேணி, விதை, கண்ணாடித் துண்டு ஆகியன கொண்டு செய்யத்தக்க பரிசோதனைகளே இத்தகைய பாடநெறிக்கு அடிப்படையாயின.

இவ்வொருங்கிணைப்புக்குக் கல்வித் தத்துவம் ஒரு காரணமெனின், சிக்கனம் மற்றொரு காரணம். மூன்று பாடத்திற்கு மூன்று பட்டதாரிகளைத் தேடுவதிலும் ஒரு பாடத்திற்கு ஓர் ஆசிரியரை நியமித்தல் இலகு. ஆனால் அந்த ஒருவர் யார்? உயிரியல் கற்றவர் மின்சுற்றைக் கண்டு தயங்கினார். பௌதிகம் கற்றவர் பூவின் பாகங்களை விரைந்து கடந்தார். பல கிராமங்களில் விஞ்ஞானமே கற்றிராத ஆசிரியர், ஆசிரியர் கைந்நூலை ஒரு கையிலும் வெண்கட்டியை மறுகையிலும் பிடித்துக்கொண்டு வகுப்பை நடத்த நேர்ந்தது. அத்தகையோரை இழிவுபடுத்துதல் நியாயமன்று. நாடு தழுவிய விஞ்ஞானக் கல்வியின் பாரத்தைச் சுமந்தவர்கள் அவர்களே. குறை அவர்களுடைய ஆற்றலிலன்று, அவர்களுக்கு அளிக்கப்பட்ட காலத்திலேயே இருந்தது. எழுத்துப் பரீட்சை நெருங்க நெருங்க மெழுகுவர்த்தியும் போத்தலும் கரும்பலகைப் படங்களாக மாறின. இணைக்கப்பட்ட பாடத்தின் அலகுகள் 'இது பௌதிகம்', 'இது இரசாயனவியல்' என மீண்டும் மனத்துள் பிரிக்கப்பட்டன.

சீர்திருத்தத்தின் மிக முக்கியமான உறுப்பு விஞ்ஞானமன்று; அதனோடு கூட அமைக்கப்பட்ட தொழில் முன்னிலைப் பாடமாகும். இன்று தொழினுட்பம், பொறியியல் எனப்படுவதற்கு அன்று பாடசாலையிற் கொடுக்கப்பட்ட இடம் அதுவே. ஒவ்வொரு பாடசாலையும் தன் சுற்றுப்புறத்தின் தொழில்களை ஆராய்ந்து அவற்றிலிருந்து பாடத்தைத் தெரிந்துகொள்ளலாம் என வகுக்கப்பட்டது. பயிர்ச்செய்கை, மீன்பிடி, மட்பாண்டம், மரவேலை எனப் பல தொழில்கள் பாடசாலையின் வாயிலுக்குள் வந்தன. பிள்ளைகள் ஊரின் தொழில்களைக் கேட்டறிந்து எழுதுவதும் கற்கையின் ஒரு பகுதியாயிற்று.

இங்கேதான் உண்மையான இணைப்புக்குரிய வாய்ப்பு இருந்தது. ஒரு கரையோரக் கிராமத்தை நினைக்க. கட்டுமரம் ஏன் மிதக்கின்றது என்பதில் அடர்த்தியும் மேலுதைப்பும் உள. வலைக்கண்ணின் அளவிற் கேத்திரகணிதமும், எவ்வளவு சிறிய மீனைத் தப்பவிட வேண்டும் என்பதில் உயிரியலும் உள. கருவாட்டிற்கு உப்பிடுதலிற் பிரசாரணமும் நுண்ணங்கிகளின் அழிவும் உள. பாய் விரித்துக் காற்றுக்கு எதிராகச் சாய்ந்து செல்லும் தோணியில் விசைகளின் கூறுபாடு உண்டு. அதனைப் பல்கலைக்கழக மாணவரும் இலகுவில் விளக்கிவிடார். குயவரின் சூளையோ ஓர் இரசாயன ஆய்வுகூடம்: களிமண்ணிலுள்ள நீர் எப்படி இருபடிகளில் வெளியேறுகின்றது, காற்றுக் குறைந்த சூளையிற் பானை ஏன் கறுக்கின்றது, காற்று நிறைந்தால் ஏன் சிவக்கின்றது என்பவை யாவும் ஒட்சியேற்றமும் தாழ்த்தலுமே. விஞ்ஞான ஆசிரியரும் தொழில் முன்னிலை ஆசிரியரும் ஒருவரையொருவர் சந்தித்து ஒரே வாரத்தில் ஒரே பொருளைக் கற்பித்திருப்பின், இன்று பேசப்படும் ஒருங்கிணைப்பு அன்றே கைகூடியிருக்கும். ஆனால் இருவேறு பாடநூல்கள், இருவேறு பாடவேளைகள், இருவேறு வினாத்தாள்கள். இருவேறு மதிப்பும் இருந்தன என்பதே எல்லாவற்றினும் பெரிது.

கைத்தொழிலைப் பாடசாலையிற் புகுத்துதல் பற்றித் தமிழர் சமுதாயத்தின் அச்சம் ஆதாரமற்றதன்று. 1937இல் காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, நூல் நூற்றலை நடுவாகக் கொண்டு கணக்கும் விஞ்ஞானமும் கற்பிக்க முயன்றது. அக்கருத்தின் உயர்வை மறுத்தற்கில்லை. ஆயின் 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி கொணர்ந்த திட்டம், பிள்ளைகள் அரைநாள் பாடசாலையிலும் மீதி நேரம் வீட்டின் தொழிலிலும் கழிக்குமாறு வகுத்தபோது, அது 'குலக்கல்வி' எனப் பெயர் பெற்றது. குயவன் மகனைக் குயவனாகவே வைத்திருக்கும் சூழ்ச்சி எனப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தனர்; 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. இலங்கையிலும் அதற்கு முன்பே, 1930களில் ஹந்தெஸ்ஸவில் தொடங்கிய கிராமக் கல்வித் திட்டம், ஆங்கிலக் கல்வியை நகரத்தார்க்கு ஒதுக்கி மண்வெட்டியைக் கிராமத்தார்க்கு வழங்குவதாகவே கருதப்பட்டது.

1972ஆம் ஆண்டுத் திட்டம் இவற்றிலிருந்து ஒரு வகையில் மேம்பட்டது: கொழும்பின் பெருங்கல்லூரி மாணவனுக்கும் தொழில் முன்னிலைப் பாடம் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும், தொழிலை ஊரிலிருந்தே தேர்வு செய்தல் என்னும் விதி, சாதியடிப்படையில் தொழில் பகுக்கப்பட்ட சமுதாயத்தில் வேறு பொருள் பெற்றது. கடற்கரைப் பாடசாலையில் மீன்பிடியும் சூளையுள்ள ஊரில் மட்பாண்டமும் பாடமாகும்போது, எந்தத் தொழிலிலிருந்து தம் பிள்ளை விடுபட வேண்டும் என்று பெற்றோர் பாடசாலைக்கு அனுப்பினரோ, அதே தொழில் பாடசாலையில் அவனை எதிர்கொண்டது. தொழிலின் உள்ளே உறையும் விஞ்ஞானத்தை வெளிக்கொணர்ந்திருப்பின் அவ்வச்சம் தணிந்திருக்கலாம். அது நிகழாதவிடத்துப் பெற்றோரின் எதிர்ப்பை அறியாமை எனத் தள்ளிவிட இயலாது.

தமிழ் மாணவரைப் பொறுத்தவரை இக்காலத்தின் மற்றொரு நிகழ்ச்சி எல்லாவற்றையும் மறைத்து நின்றது. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், மருத்துவ பீடத்திற்கு 400 புள்ளிகளுள் தமிழ்மொழி மூல மாணவர்க்கு 250உம் சிங்களமொழி மூல மாணவர்க்கு 229உம் குறைந்தபட்சத் தகுதிப் புள்ளிகளாயின. பின்னர் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. ஒவ்வொரு புள்ளியும் வாழ்வா சாவா என்றாகிவிட்ட மாணவனிடம் போய், கால்வாயின் கரையிலிருந்து நீரின் வேகத்தை அளந்து பார் என்றால் அவன் நகைப்பான். மேலும், பழைய ஒழுங்கின்படி எட்டாம் வகுப்பின் பின் நான்காண்டுகள் விஞ்ஞானத் துறையிற் பயின்றவனுக்கு, புதிய ஒழுங்கில் ஒன்பதாந் தரத்தின் பின் இரண்டாண்டுகளே எஞ்சின. எனவே ஒருங்கிணைந்த விஞ்ஞானம், விஞ்ஞானத்தில் ஏற்கெனவே முன்னேறியிருந்தவர்க்கு நீர்த்துப்போன விஞ்ஞானமாகத் தோன்றியது. முதன்முறையாக அதைக் கண்டவர்க்கு ஒரு கதவு திறந்தது போலிருந்தது. ஒரே சீர்திருத்தம் யாழ்ப்பாண நகரத்துக் கல்லூரியில் இழப்பாகவும் வன்னியின் ஓலைக் கொட்டிற் பாடசாலையில் பேறாகவும் அமைந்ததை எழுதாமல் விடுகின்ற வரலாறு அரைகுறையானது.

இக்கதவு திறவாத இடமும் ஒன்றுண்டு. தோட்டப் பாடசாலைகள் 1970களிற் படிப்படியாகவே அரசின் பொறுப்புக்கு வந்தன. அவற்றுட் பெரும்பாலானவை ஓரிரு ஆசிரியரைக் கொண்ட ஆரம்பப் பாடசாலைகள். ஆறாந் தரமே இல்லாத பாடசாலைக்கு ஆறாந் தரத்து விஞ்ஞானம் எவ்வாறு செல்லும்? 'எல்லார்க்கும்' என்ற சொல் தேயிலை மலைகளின் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. கொழுந்து மடுவத்தின் தராசும், தொழிற்சாலையின் உலர்த்தியும், இலையை நொதிக்கவிட்டுத் தடுக்கும் நுட்பமும் நாள்தோறும் கண்முன் நிகழ்ந்த பிள்ளைகளுக்கு, அவை விஞ்ஞானம் என்று சொல்லிக் கொடுக்க ஒருவர் இருக்கவில்லை.

1977 ஜூலைத் தேர்தலில் அரசு மாறியதும் தேசியப் பொதுக் கல்விச் சான்றிதழ் நீக்கப்பட்டுக் க.பொ.த. சாதாரண தரம் மீண்டது. அதனோடு எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பின என எண்ணுவது தவறு. தொழில் முன்னிலைப் பாடம் மறைந்தது. ஒருங்கிணைந்த விஞ்ஞானமோ மறையவில்லை. சாதாரண தரத்திலே பௌதிகமும் இரசாயனவியலும் உயிரியலும் மீண்டும் தனித்தனி ஆகாமல், 'விஞ்ஞானம்' என்னும் ஒரே பாடமாக எல்லா மாணவர்க்கும் இன்றுவரை தொடர்கின்றன. ஒரு அரசாங்கத்தின் கொள்கையை மற்றோர் அரசாங்கம் அழித்துவிடும் நாட்டில் இது அரிய தொடர்ச்சியாகும். மூளையால் இணைக்கத்தக்கவை இணைந்தே நின்றன. கைபட வேண்டியதே முதலில் உதிர்ந்தது.

உதிர்ந்ததை ஒட்டுவதற்கு அதன்பின் பல பெயர்களில் முயற்சிகள் நடந்தன. 1980களில் 'வாழ்க்கைத் திறன்' பாடமாயிற்று. 1990களின் இறுதிச் சீர்திருத்தத்தில் ஆரம்ப வகுப்புகளுக்குச் 'சுற்றாடல்சார் செயற்பாடுகள்' வந்தன. மேல்வகுப்புப் பாடமும் 'விஞ்ஞானமும் தொழினுட்பமும்' எனச் சிலகாலம் அழைக்கப்பட்டது. பின்பு தொழினுட்பம் என்னும் சொல் தலைப்பிலிருந்து நழுவி, இடைநிலை வகுப்புகளில் செயன்முறைத் திறன் சார்ந்த தனிப்பாடமாக அமைந்தது. பெயரைச் சேர்ப்பதும் பிரிப்பதும் நடந்தனவேயன்றி, விஞ்ஞான ஆசிரியரும் தொழினுட்ப ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து திட்டமிடும் பாடவேளை எந்தச் சீர்திருத்தத்திலும் ஒதுக்கப்படவில்லை எனலாம்.

2013ஆம் ஆண்டு க.பொ.த. உயர்தரத்திலே தொழினுட்பத் துறை தொடங்கப்பட்டது. பொறியியல் தொழினுட்பவியல், உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் என்பவற்றுள் ஒன்றும், தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானமும் அதன் முதன்மைப் பாடங்கள். 2015இல் முதலாவது அணி பரீட்சைக்குத் தோற்றியது. 'தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம்' என்னும் பாடம், கணிதம், பௌதிகம், இரசாயனவியல், உயிரியல் ஆகியவற்றை ஒரு தொழினுட்ப நோக்கில் இணைப்பதாகும். 1972இல் விடுபட்டுப்போன மூட்டு அதுவே. ஆனால் அம்மூட்டு எங்கே பொருத்தப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். கணிதத் துறைக்கும் உயிரியல் துறைக்கும் செல்லும் மாணவர் அப்பாடத்தைக் காண்பதில்லை. மருத்துவராகவும் பொறியியலாளராகவும் வரப்போகின்றவர் தனித்தனிப் பாடங்களையே கற்க, இணைந்த பாடம் தொழினுட்பத் துறைக்கு மட்டும் உரியதாயிற்று. 1972இல் எல்லார்க்கும் பொதுவென வைக்கப்பட்ட தொழில் அறிவு, நாற்பது ஆண்டுகளின் பின் தனியொரு வாயிலால் அழைக்கப்படும் மாணவர்க்கு ஒதுக்கப்பட்டுள்ளது. கிருலப்பனைக் கால்வாயின் நீர்மட்டத்தை நாளை கணிக்கப்போகும் பொறியியல் மாணவன் பள்ளியில் அதனைத் தொட்டளந்து பார்க்க வேண்டிய கட்டாயமின்றியே பல்கலைக்கழகம் புகுகின்றான்.